எண்பத்தேழில் ஒரு பங்கு

நவராத்திரிக் கொலுவில் படிகளைக் காட்டிலும் படிகளுக்குக் கீழே தரையில் போடுகிற 'பார்க்'தான் எனக்குச் சிறு வயதிலிருந்து பிடிக்கும். மேலே தசாவதாரமும் செட்டியார் தம்பதிகளும் மரப்பாச்சியும் வருஷா வருஷம் அதே இடத்தில் அதே முகத்தோடு இருப்பார்கள். அங்கே மரபுதான் ஆட்சி. கீழே மட்டும் வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முழுச் சுதந்திரம். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். அதன் சட்டத்தை மணல் மறைத்துக்கொள்ளும். முன்கூட்டியே தட்டில் தூவிய கடுகும் வெந்தயமும் பச்சை வயலாக நிமிர்ந்து நிற்கும். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்று அந்த வயலைச் சுற்றிச் சுற்றி வரும். குளத்து வாத்து ரயில் எஞ்சினைவிடப் பெரிதாக இருக்கும். அதைக் குறையென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சுண்டல் வாங்க வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த வாத்து விஷயத்தில்தான் கொலுவுக்கும் நான் இங்கே எழுத வந்த காரியத்துக்கும் வித்தியாசம். மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் என்று உலகம் முழுவதும் ஒரு கூட்டம் உண்டு. வளர்ந்தவர்கள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். எஞ்சினையும் பெட்டியையும் மரத்தையும் மனிதனையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும் என்பது அவர்கள் மதம். ஜெர்மனியில் மார்க்லின் என்ற பொம்மைக் கம்பெனி 1891-இல் லைப்சிக் சந்தையில் பொம்மைத் தண்டவாளங்களுக்கு நிலையான அகலங்களை வகுத்துக் கொடுத்தது. அது முதல் ஒருவர் வாங்கிய வண்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடலாம் என்று ஆயிற்று. இன்றைக்கு அதிகமாக வழங்கும் விகிதம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐந்தடி ஆறங்குல ஆள் அந்தக் கணக்கில் 19 மில்லிமீட்டர், அதாவது சுண்டு விரலின் ஒரு கணு. வாத்து எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் தேசத்தில் இந்தப் பித்து பரவலாக இல்லை. புனாவில் ஜோஷி என்பவர் வாழ்நாள் உழைப்பாகச் செய்த சிறு ரயில் உலகம் 1998 ஏப்ரல் முதல் தேதி மியூசியமாகத் திறக்கப்பட்டது. அது ஒரு மனிதர் தனியாகச் சிருஷ்டித்த உலகம். எனக்கு அதைவிட ருசியாகப்படுவது மேல்நாட்டில் சுமார் ஐம்பது வருஷங்களாக வளர்ந்திருக்கும் கூட்டு முறை. 1970-களில் கலிபோர்னியாவிலும், 1981 முதல் ஜெர்மனியைத் தலைமையாகக் கொண்ட பிரேமோ என்ற சங்கத்திலும் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஆளுக்கு ஒரு பலகை. அவரவர் வீட்டில் அவரவர் கட்டிக்கொள்ளலாம். வருஷத்தில் சில நாள் ஒரு பெரிய கூடத்தில் கூடிப் பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்தால், நீண்ட ரயில் பாதை ஒன்று உண்டாகிவிடும். கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டு, கால அட்டவணை போட்டு வண்டி விடுவார்கள். பிறகு கழற்றி, அவரவர் ஊரை அவரவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். விஜயதசமி இரவில் பொம்மையைப் படுக்க வைப்பது மாதிரிதான்.

இதில் சட்டம் விளிம்புக்கு மட்டும்தான். உன் பலகைக்குள் மலை வைத்துக்கொள், சுடுகாடு வைத்துக்கொள், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஓரத்துக்கு வரும்போது தண்டவாளம் தரையிலிருந்து இன்ன உயரத்தில், போல்ட் துளை இன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். நம் பக்கத்துப் பங்காளிகள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள். உன் வயலில் நீ மிளகாய் போடு, நான் நெல் போடுகிறேன். வாய்க்கால் மட்டும் அடைபடக் கூடாது. அப்படி வாய்க்காலைத் திறந்து வைத்திருக்கும் பங்காளிகள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

எங்கள் சீமையில் இரண்டு பேர் இப்படிப் பலகை கட்டுகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். மீட்டர் கேஜ் காலத்தில் பாம்பன் பாலத்தைக் கணக்கில்லாத தடவை கடந்தவர். மற்றவர் பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லும் இளைஞர். இளைஞர் இவரை 'மாமா' என்பார். உறவு ஒன்றும் இல்லை. மண்டபத்தில் தொடங்கி, பாலம் வழியாகத் தீவுக்குள் வந்து, 1964-க்கு முந்திய தனுஷ்கோடியில் முடிகிற பாதை அவர்களுடையது. பனைமரங்களுக்கு விளக்குமாற்றுக் குச்சி. மணலுக்கு அசல் தனுஷ்கோடி மணலையே சலித்துப் போட்டிருக்கிறார்கள். சலித்த பிறகும் அது சின்ன மனிதர்களுக்குக் கூழாங்கல் அளவில்தான் இருக்கிறது. மணலை மட்டும் யாராலும் எண்பத்தேழில் ஒரு பங்காக்க முடிவதில்லை.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 2,065 மீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் ஏறக்குறைய 24 மீட்டர் வருகிறது. எந்தப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் அதை நீட்ட முடியும்? ஆகையால் நாலடிப் பலகை நான்கில் பாலத்தை முடித்துவிட்டார்கள். 140-க்கும் மேற்பட்ட கண்களில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். நடுவே கப்பலுக்கு வழி விடும் ஷெர்சர் தூக்குப் பகுதியை மட்டும் சுருக்கவில்லை. "மற்றதெல்லாம் ஒண்ணு போல இருக்கும் கண்ணுங்க. குறைச்சா பாலத்துக்குக் கோபம் வராது" என்றார் டிரைவர். நாவல் எழுதுகிறவனுக்கு இந்தத் தொழில் நுட்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக் குடித்தனத்தை முந்நூறு பக்கத்தில் அடைக்கிறவன் நான். ஒன்று போல இருக்கிற நாட்களைக் குறைத்துத்தான் அடைக்கிறேன்.

அகலத்திலும் இப்படி ஒரு சமரசம் உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். எண்பத்தேழால் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் அகலம் அது, இப்போது சென்னை மெட்ரோவின் அகலமும் அதுதான். நமது அகலப் பாதை 1,676. பழைய பாம்பன் பாதை 1,000. ஆக, இவர்கள் தண்டவாளம் அன்றைய உண்மையும் இல்லை, இன்றைய உண்மையும் இல்லை. ஆனால் இந்தப் பொய்யில் ஏமாறுகிறவர் கிடையாது. கேட்டால் எத்தனை மில்லிமீட்டர் பொய் என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு கணக்காகப் பொய் சொல்கிறவர்களை நான் வேறு துறையில் கண்டதில்லை.

சிறிதாக்குவது பொய்யாகாது என்று இதுவரை ஒப்புக்கொள்ளலாம். கஷ்டம் வருவது எதை விடுவது என்ற இடத்தில்.

அந்தத் தூக்குப் பகுதியை நிஜத்தில் ஆட்கள்தாம் திறந்தார்கள். இரு கரைப் பக்கமும் ஆட்கள் நின்று, நெம்புகோலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி, இரும்புச் சிறகுகளை மேலே ஏற்றினார்கள். பலகையில் அதை அடியில் மறைந்திருக்கும் மோட்டார் செய்கிறது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். வியர்வை முதலில் காணாமல் போகிறது. இன்னொன்று, மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களை நிறுத்தி, வைத்தியப் பரிசோதனை செய்து, பிறகு அனுப்பிய இடம் அது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்த பிறகு திரும்பி வந்தவர்களும், 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அதே வாசலில்தான் நின்றார்கள். போட் மெயிலின் கதையில் பாதி அங்கே கிடக்கிறது. இவர்கள் மண்டபம் பலகையில் ஸ்டேஷன் இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, முகாம் இல்லை. கேட்டேன். "பலகை இருபது அங்குல அகலம்தானே சார். முகாம் அந்தப் பக்கம் போயிடுது" என்றார் இளைஞர். அளவுப்படி அவர் சொன்னது சரிதான். எந்தப் பலகையிலும் இப்படி ஏதாவது ஒன்று 'அந்தப் பக்கம்' போய்விடுகிறது. அது பெரும்பாலும் ஏழைகள் நின்ற இடமாக இருப்பது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு எங்கள் நாவல்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் மேலே போகிறேன்.

சென்ற வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இவர்கள் பலகைகளை இணைத்து இரண்டு நாள் காட்சி வைத்தார்கள். நல்ல கூட்டம். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மூதாட்டி பேரப்பிள்ளைகளோடு வந்தார். தனுஷ்கோடியில் பிறந்தவர், அந்த வருஷத்துப் புயலின்போது பத்து வயசாம். தன் ஊர்ப் பலகையை அவர் கண்ணீரோடு பார்த்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்த ஆளை மேற்பார்வை செய்கிறவர் மாதிரி பார்த்தார். பிளாட்பாரம் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்றார். கருவாட்டுக் கூடை ஒன்றையும் காணோமே என்றார். மாதாகோவிலுக்குப் பின்னால் நாலாவது வீட்டைத் தேடினார். பலகை மாதாகோவிலோடு முடிந்துவிட்டது. அப்போது பாம்பன் பக்கமிருந்து வண்டி வந்தது. விசையருகே நின்ற பையன் உற்சாகமாக, "இதுதான் பாட்டி 653 பாசஞ்சர்" என்றான். எஞ்சின் நெற்றியில் அந்த எண்ணைப் பூதக் கண்ணாடி வைத்து எழுதியிருந்தார்கள். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்து அழகாக நின்றது.

கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிரைவரைப் பார்த்து, "தம்பி, அந்த நம்பரை மட்டும் எடுத்துருங்க" என்றார்.

"சரி ஆத்தா" என்றார் டிரைவர். அன்று மாலையே சுரண்டி எடுத்துவிட்டார்.

653 என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் அது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஸ்டேஷனை எட்டுவதற்குச் சற்று முன்னால் கடல் அதை எடுத்துக்கொண்டது. யாரும் மிஞ்சவில்லை. ஊரும் மிஞ்சவில்லை, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அதை அறிவித்துவிட்டது. பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதியும் போயிற்று. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் பொறுப்பில் 46 நாளில் அதைத் திரும்பக் கட்டினார்கள். தனுஷ்கோடிப் பாதையைக் கட்டவில்லை.

நம்பரைச் சுரண்டியதில் இளைஞருக்குச் சம்மதம் இல்லை. அவர் வாதம் லேசானதல்ல. 653 ஒரே ஒரு இரவு மட்டும் ஓடிய வண்டி அல்லவே என்றார் அவர். எத்தனையோ இரவுகள் அது ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இரவுகளும் சரித்திரம்தான். நம்பரை அழித்தால் இன்னும் இருபது வருஷத்தில் பையன்களுக்கு அந்த வண்டி இருந்ததே தெரியாமல் போகும். அதோடு இன்னொரு யோசனையும் அவருக்கு இருந்தது. அடுத்த காட்சியில் விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் போட்டு, மின்விசிறிக் காற்றில் அந்த இரவையே காட்டிவிட வேண்டும். அப்போதுதான் ஜனங்களுக்குப் புரியும். ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த பெரிய மாதிரி உலகத்தில் அடிக்கடி ஒரு வீட்டில் தீப்பிடிக்கிறது, தீயணைப்பு வண்டிகள் விரைகின்றன, பார்க்கிறவர்கள் மகிழ்கிறார்கள். அங்கே செய்வதை இங்கே ஏன் செய்யக் கூடாது?

இருவரும் என்னிடம் கேட்டார்கள். கதையில் ஆட்களைக் கொல்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஞானம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த இரவைக் காட்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். துக்கத்தைக் கிளறக் கூடாது என்ற காரணத்துக்காக அல்ல. கூத்தில் அபிமன்யு ஒவ்வொரு வருஷமும் சாகிறான். ஊர் விடிய விடிய உட்கார்ந்து அழுகிறது. அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் கூத்தில் சாகிறவன் நம் உயரம் உள்ள மனிதன். அவன் நெஞ்சு மேலும் கீழும் போவது தெரிகிறது. அரிதாரம் வியர்வையில் கரைகிறது. நாம் தரையில் உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்க்கிறோம். பலகையில் 19 மில்லிமீட்டர் மனிதனை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த வெள்ளமும் பயங்கரமாக இராது, வேடிக்கையாகத்தான் இருக்கும். எவ்வளவு பக்தியோடு செய்தாலும் பார்க்கிறவன் நிற்கும் இடம் அவனை வேடிக்கை பார்க்கிறவனாக்கிவிடும். ஹாம்பர்க்கில் எரிவது யாருடைய வீடும் அல்ல. அங்கே அழைத்துவந்து காட்ட ஒரு பாட்டி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. டிரைவரைப் போன்ற ஆசாமிகளுக்கு இதுதான் பிடிக்கும். மாதிரி கட்டுகிறவன் அளந்ததைத்தான் கட்ட வேண்டும். அந்த வண்டி சிக்னல் கிடைக்காமல் நின்றது, டிரைவர் ஊதிவிட்டு மெல்ல நகர்த்தினார் என்றெல்லாம் சொல்கிறார்கள். சொல்வதற்கு வண்டியிலிருந்து யாரும் திரும்பவில்லையே! கடைசி நிமிஷங்களைப் பற்றி நம்மிடம் இருப்பது ஊகம். மில்லிமீட்டர் கணக்கில் நேர்மை பேசுகிறவர்கள் ஊகத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமா? என் போன்றவர்கள் அந்த வேலையைச் செய்யட்டும். எங்களை யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

ஆனால் வண்டி வந்து சேர்வதைக் காட்டலாம் என்றேன். டிரைவருக்கு இதில்தான் சஞ்சலம். வந்து சேராத ஊருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வண்டியைக் கொண்டு நிறுத்துவது பாவம் மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலம் திறந்ததிலிருந்து ஐம்பது வருஷம் அந்த ஊருக்கு வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. கூடை இறங்கியது, கல்யாண கோஷ்டி இறங்கியது, கொழும்புக்குப் போகிறவர்கள் பெட்டியோடு துறைக்கு நடந்தார்கள். இன்றைக்குத் தனுஷ்கோடி என்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு இரவுதான் தெரிகிறது. 2017-இல் அரிச்சல்முனைக்கு ரோடு போட்ட பிறகு கார் காராக வந்து இடிந்த கோவிலுக்கு முன்னால் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மனிதன் செத்த விதத்தை மட்டும் சொல்லி, அவன் அறுபது வருஷம் வாழ்ந்ததைச் சொல்லாமல் விடுவது போலத்தான் இது. கருவாட்டுக் கூடை எங்கே என்று கேட்டாரே அந்த அம்மாள், அவர் கேட்டது அந்த ஐம்பது வருஷத்தை. அதைப் பலகையால் தர முடியும்.

நம்பர் விஷயத்தில் இளைஞர் சொன்னதை நான் மறுக்க முடியாது. 653 பல இரவுகள் வந்து சேர்ந்த வண்டிதான். ஆனால் செத்தவர் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த உரிமை வீட்டாருக்கு. அடுத்த தெருக்காரன் வந்து வைத்துவிட்டுப் போக முடியாது. அந்த எண் இப்போது சில வீடுகளின் சொத்து. ஒரு வீட்டார் வேண்டாம் என்று வாய் திறந்து சொன்ன பிறகு நமக்கு வாதம் எதற்கு?

"இன்னொரு வீட்டார் வந்து நம்பர் இருக்கட்டும்னு சொன்னா?" என்று கேட்டார் இளைஞர்.

அப்படி ஒருவர் வந்தால் அவர்கள் இரண்டு பேரையும் பேசவிட்டு நாம் கேட்டுக்கொண்டிருப்போம் என்றேன். இது முழுமையான பதில் அல்ல என்று அவர் முகம் சொல்லிற்று. முழுமையான பதில் இந்தக் கேள்விக்கு உண்டு என்று நானும் நினைக்கவில்லை.

இதற்கிடையில் நிஜப் பாலமே மாறிவிட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயருகிறது, மின்சாரத்தில். நெம்புகோல் பிடித்த கைகள் இப்போது நிஜத்திலும் தேவையில்லை. இளைஞர் புதுப்பாலத்துக்குத் தனிப் பலகை செய்யத் தொடங்கிவிட்டார். டிரைவர் அதைத் தொடவில்லை; கருவாட்டுக் கூடைகள் செய்துகொண்டிருக்கிறார். ஈர்க்குச்சியைச் சீவி, நூலால் பின்னி, ஒரு கூடைக்கு ஒரு மாலைப் பொழுது ஆகிறது.

தனுஷ்கோடிப் பலகையின் கிழக்கு விளிம்பை என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு விளிம்பு போதும். மறு ஓரத்தைப் பலகை அடித்து, கடலை வரைந்து மூடிவிடலாம். ஆனால் அன்றைக்கு அது கடைசி ஸ்டேஷன் இல்லை. கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கே கொழும்பு வண்டி காத்துக்கொண்டு நிற்கும். நம் பக்கம் மீட்டர் கேஜ், அவர்கள் பக்கம் அகலப் பாதை. நடுவில் கடல் வறண்டு போயிருந்தாலும் ஒரு வண்டி அப்படியே ஓடிப் போயிருக்க முடியாது. யுத்தத்தில் நாசமான தலைமன்னார்ப் பாதையை நம் இந்தியக் கம்பெனி திரும்பப் போட்டுக் கொடுத்து, 2015 மார்ச்சில் துறை வரைக்கும் வண்டி விட்டார்கள். ராமேஸ்வரம் பாதை 2007-இலேயே அகலமாகிவிட்டது. இப்போது இரண்டு கரையிலும் 1,676 மில்லிமீட்டர், கப்பல்தான் இல்லை.

டிரைவர் கிழக்கு ஓரத்தை மூடாமல், சங்கத்து விதிப்படி இரண்டு போல்ட் துளை போட்டு வைத்திருக்கிறார். "எந்த கேஜுக்கு?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்துலேருந்து யாராச்சும் பலகையைத் தூக்கிக்கிட்டு வரட்டும் சார். வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கூடைக்கு நூலைக் கோத்தார்.